முன்கண்ணாடியில் ஒரு துண்டுச்சீட்டு: லண்டன் ஈஸ்ட்சீப் தெருவில் உருகிய கார், 2013

"வெயிலில் நிறுத்தியிருந்தேன், சைடு மிரர் உருகிவிட்டது" என்று ஒரு சர்வீஸ் சென்டர் கவுண்டரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் முதலில் உங்களைப் பார்ப்பார். அப்புறம் மிரரைப் பார்ப்பார். அப்புறம், "பக்கத்தில் யாராவது குப்பை எரித்தார்களா சார்?" என்று கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலூர் மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கிற காரின் மிரர் கூடச் சூடாகும், வெளுக்கும், ஆனால் உருகி வழியாது. உருகியிருந்தால் வேறு ஏதோ சூடு பட்டிருக்கிறது என்றுதான் பொருள். அந்த 'வேறு ஏதோ' என்னவென்று யார் நிரூபிப்பது என்பதில்தான் இந்த வகை வாரண்டித் தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2013ல் லண்டனில் நடந்த நிகழ்வு. பத்திரிகைகளில் நிறைய வந்தது. ஆனால் தெருவில் முட்டை பொரித்த வேடிக்கைதான் பலருக்கு நினைவில் நின்றது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கார் உரிமையாளருக்குச் சண்டை போட வேண்டிய தேவையே வரவில்லை, சில நாளில் பணம் கைக்கு வந்துவிட்டது. அதே மாதிரி சேதம் வேறு இடத்தில் நடந்தால் அப்படி வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். கார் உரிமையாளர், வேன்காரர், கட்டட நிறுவனங்கள் யாருடைய பெயரும் இதற்குத் தேவையில்லை.

பின்னணி

லண்டனின் பழைய வணிகப் பகுதியில், ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண் மனையில் 160 மீட்டர் உயர அலுவலகக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. வடிவமைத்தவர் உருகுவேயில் பிறந்த ரஃபேல் வினோலி. இரண்டு நிறுவனங்கள் கூட்டாகக் கட்டின. 2013 கோடையில் வெளிக் கண்ணாடி ஏறியிருந்தது, உள்வேலை நடந்துகொண்டிருந்தது.

பொதுவாகக் கட்டடங்கள் மேலே போகப் போக ஒடுங்கும். இது மேலே போகப் போக அகலும். உயரமான தளங்களுக்கு வாடகை அதிகம், அங்கே இடமும் அதிகமாக இருக்கட்டும் என்ற கணக்கு அதில் உண்டு. கையில் பிடிக்கிற வயர்லெஸ் கருவி போல இருந்ததால் ஊர்க்காரர்கள் 'வாக்கி டாக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அகலும் வடிவத்தால் அதன் தெற்கு முகம் நேர்ச் சுவராக இல்லாமல் உள்ளே குழிந்து, மேல் பகுதி தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. அந்த முகம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு எதிரே கீழே ஈஸ்ட்சீப் தெரு, அங்கே சில கடைகள், கட்டணம் கட்டி வண்டி நிறுத்தும் இடங்கள்.

பள்ளி இயற்பியலில் குழியாடி வரைந்தவர்களுக்கு இந்த வரி போதும். தெற்கு நோக்கிய குழியாடி, அதன் முன்னே தெரு.

ஆகஸ்ட் 29, மதியம்

அன்று வியாழக்கிழமை. ஒருவர் தன் ஜாகுவார் எக்ஸ்ஜே காரை ஈஸ்ட்சீப்பில் நிறுத்திவிட்டு வேலையாகப் போனார். ஓரிரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது தெருவில் ஒருவர் அந்தக் காரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இதன் உரிமையாளர் பார்த்தால் சந்தோஷப்படமாட்டார் என்று இவரிடமே சொன்னாராம். உரிமையாளரே நான்தான் என்று இவர் சொல்ல வேண்டியதாயிற்று.

சைடு மிரர் உருக்குலைந்திருந்தது. பேனல்கள் வளைந்திருந்தன. முத்திரையும் உருகியிருந்தது. முன்கண்ணாடியில் கட்டுமான நிறுவனத்தார் ஒரு துண்டுச்சீட்டு செருகிவைத்திருந்தார்கள். உங்கள் வண்டி வளைந்துவிட்டது, எங்களைக் கூப்பிடுங்கள் என்பது அதன் சாரம்.

இந்த நிகழ்வின் அச்சாணி அந்தச் சீட்டுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னென்ன தெரியவந்தது

கார் மட்டும் இல்லை. அதே நாட்களில் அதே தெருவில் வேன் நிறுத்தியிருந்த ஒருவரும் பத்திரிகையிடம் பேசினார். தொழில் ஹீட்டிங், ஏர்கண்டிஷன் பொறியாளர். (சூட்டைச் சமாளிப்பதையே தொழிலாகக் கொண்டவரின் வண்டிக்கா இப்படி என்று தோன்றத்தான் செய்கிறது.) வேனின் இடதுபக்கப் பிளாஸ்டிக் எல்லாமும் டேஷ்போர்டு மேல் இருந்தவை எல்லாமும் உருகிவிட்டன என்றார். உள்ளே வைத்திருந்த குளிர்பான பாட்டில் அடுப்பில் வைத்து எடுத்தது போல ஆகியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் தரைவிரிப்பு கருகியதையும் பெயிண்ட் கொப்பளித்ததையும் காட்டினார்கள்.

செப்டம்பர் 2ஆம் தேதி செய்தி வெளியே வந்தது. அடுத்த நாள் ஒரு நாளிதழ்ச் செய்தியாளர் வாணலியைக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்து முட்டை பொரித்தார். தெருவில் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் அளந்ததாகவும் எழுதினார்கள். இப்படிப்பட்ட அளவுகளைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கறுப்புப் பரப்பின் சூடு வேறு, வெளிர் பரப்பின் சூடு வேறு, காற்றின் சூடு வேறு. ஆனால் கார் விஷயத்தில் நமக்கு வேண்டியது கறுப்புப் பரப்பின் சூடுதான். சைடு மிரரின் கூடு பெரும்பாலும் கறுப்பு அல்லது அடர் நிறம், பெரும்பாலும் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக். ஏபிஎஸ் இளகத் தொடங்குவது ஏறக்குறைய 100 டிகிரியில்.

பிளாஸ்டிக் இளகுவதற்கும் வளைவதற்கும் நடுவே ஒன்று உண்டு, சேதத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அச்சில் அழுத்தி வார்த்த பாகம் ஆறும்போது அதற்குள் ஒரு இழுவிசை பூட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்கத் தெரியாது. மறுபடி சூடு ஏறி இளகினால் அந்த இழுவிசை அவிழும், பாகம் தானாக முறுக்கிக்கொள்ளும். அதனால் பாகம் சொட்டுச் சொட்டாக வழிய வேண்டும் என்று இல்லை. அலை அலையாக நெளிந்து, கிளிப்பிலிருந்து பிதுங்கி, பேனலோடு இடைவெளி விட்டு நிற்கும். தோற்றத்தில் இது 'மட்டமான பிளாஸ்டிக்' போலவே இருக்கும். வாரண்டியில் வரவேண்டிய தயாரிப்புக் கோளாறு என்று உரிமையாளர்கள் முதலில் நம்புவது இதனால்தான்.

ஏன் அங்கே, ஏன் அப்போது

அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கண்ணாடியும் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் கண் கூசும், அவ்வளவுதான். குழிந்த முகத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடிகள் அதே இடத்தை நோக்கித் திருப்பும்போதுதான் வினை. பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்த பையன்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரம்தான் கவனிக்க வேண்டியது. கட்டட நிறுவனங்கள் அப்போது விட்ட அறிக்கையில், சூரியன் வானில் தற்போது இருக்கும் உயரத்தால் இது நடக்கிறது, ஒரு நாளில் சுமார் 2 மணி நேரம் இருக்கும், இன்னும் 2 முதல் 3 வாரம் நீடிக்கலாம் என்றார்கள். கணக்கு சரியாகவே வருகிறது. லண்டனில் ஆகஸ்ட் கடைசியில் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 48 டிகிரி உயரத்தில் நிற்கும். ஜூனில் அது 62 டிகிரி. அப்போது ஒளி வேறு கோணத்தில் விழும். செப்டம்பர் கடைசிக்குள் 38 டிகிரிக்கு இறங்கிவிடும், குவியும் இடமும் நகர்ந்துவிடும்.

ஆகவே சேதத்துக்குக் காரணமான சாட்சி வானத்தில் இருக்கிறது, நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அக்டோபரில் சர்வேயரை அனுப்பினால் அவர் அங்கே ஒரு சாதாரணத் தெருவைத்தான் பார்ப்பார். மறுபடி அதே உயரத்துக்குச் சூரியன் வருவது ஏப்ரல் நடுவில்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு துண்டுச்சீட்டு. யார் எழுத முடிவு செய்தார்கள் என்பது பெரிதில்லை. கார் வளைவதைக் கட்டுமானத் தரப்பு உரிமையாளருக்கு முன்னாலேயே பார்த்துவிட்டது, தன் தொடர்பை விட்டுவிட்டுப் போனது. இப்படிச் செய்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று எந்த வக்கீலும் தடுத்திருப்பார். ஆனால் அதனால் அடுத்து வரக்கூடிய எல்லாக் கேள்வியும் அடைபட்டது. கார் கம்பெனியா, இன்சூரன்ஸா, பக்கத்துக் கடையா என்று உரிமையாளர் அலைய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, பணம். பழுதுபார்ப்புச் செலவு 946 பவுண்டு. கட்டட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டுச் செலவை ஏற்றுக்கொண்டன. செய்தி பெரிதாக வெடித்தபோதே இது முடிந்திருந்தது. 160 மீட்டர் கோபுரம் கட்டுகிறவர்களுக்கு 946 பவுண்டு ஒரு தொகையே இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும், சிறிய தொகைக்குத்தான் பெரிய நிறுவனங்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் என்பதும் பட்டவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, நகர நிர்வாகத்தோடு பேசி மூன்று பார்க்கிங் இடங்களை மூடினார்கள். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. சீட்டு எழுத நேரம் இருந்தது என்றால், அந்த நிமிடமே இரண்டு கூம்புகளை எடுத்து வைத்து அந்த இடத்தை மறித்திருக்கலாம். நகர நிர்வாகத்தின் அனுமதி காகிதத்தில் அப்புறம் வந்திருக்கட்டும்.

நான்காவது, அந்த வாரமே தெருமட்டத்தில் சாரம் கட்டி வலை போட்டார்கள். இரண்டு, மூன்று வாரத்துக்கான ஏற்பாடு, அந்த அளவுக்குச் சரியானது. சூரியன் ஏப்ரலில் திரும்ப வருவான் என்பதால் நிரந்தரத் தீர்வாக ஆகாது.

வாரண்டி ஏன் இங்கே உதவாது

அந்தச் சீட்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் என்ன செய்திருப்பார்? நேராக டீலரிடம் போயிருப்பார். விலையுயர்ந்த கார், சாதாரண வெயில், மிரர் உருகிவிட்டது, தரமில்லாத பொருள் என்று வாதாடியிருப்பார். டீலர் மறுத்திருப்பார். என் கணிப்பில், மறுத்தது சரியாகவும் இருந்திருக்கும்.

கார் வாரண்டி என்பது பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கான உறுதி. வெளியிலிருந்து வந்த தீ, ரசாயனம், மோதல் எதுவும் அதில் சேராது. கார்களைப் பாலைவன வெயிலில் நிறுத்திச் சோதிக்கிறார்கள், ஆனால் ஒரு சூரியனுக்குத்தான். பல சூரியன் ஒரே இடத்தில் விழுவதைத் தாங்க வேண்டும் என்று எந்த வாரண்டியும் வாக்குக் கொடுப்பதில்லை. பிரச்சினை டீலரின் முடிவில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. 'வெளிக் காரணம்' என்று எழுதிக் கையைக் கழுவிவிடுவார்கள். எந்த வெளிக் காரணம் என்று தேட யாருக்கும் வேலை இல்லை. உரிமையாளருக்கோ அது 'நீ எதையோ செய்துவிட்டு மறைக்கிறாய்' என்று காதில் விழும். அதிலிருந்து கோபம், கடிதம், நுகர்வோர் மன்றம்.

அமெரிக்காவில் 2012ல் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் ஒரு பெண்ணின் டொயோட்டா பிரையஸில் சைடு மிரர் தொடங்கிப் பிளாஸ்டிக் பாகங்கள் உருகிக்கொண்டே இருந்தன. காரணம் தெரியாமல் தவித்திருக்கிறார். கடைசியில் பக்கத்துக் குடியிருப்பின் மின்சாரச் சிக்கன ஜன்னலிலிருந்து வந்து விழுந்த ஒளிக்கற்றைதான் அது என்று அவரே கண்டுபிடித்தார். அங்கே கோபுரம் இல்லை, கட்டட அதிசயம் இல்லை. ஒரு சாதாரண வீட்டு ஜன்னல்.

ஜன்னல் எப்படிக் குழியாடி ஆகிறது? லோ-ஈ எனப்படும் பூச்சு போட்ட இரட்டைக் கண்ணாடிகள் வெப்பக் கதிரை வெளியே திருப்பி அனுப்பும், அதற்காகத்தான் வாங்குகிறார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அடைத்த வாயு குளிரில் சுருங்கும், வெளியே காற்றழுத்தம் கூடினாலும் கண்ணாடிகள் நடுவில் உள்வாங்கும். மில்லிமீட்டர் கணக்குதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தட்டையாக இருந்த ஜன்னல் அப்போது ஒரு பெரிய, ஆழமில்லாத குழியாடி. அமெரிக்காவில் எதிர்வீட்டு வினைல் சுவர்ப்பலகைகள் இப்படி உருகியது நிறைய. விளைவாக, பலகை தயாரிப்பாளர்கள் பலர் பிரதிபலித்த வெயிலால் வரும் சேதம் சேராது என்று வாரண்டி வாசகத்திலேயே எழுதிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் அந்த வரியைப் படிப்பது பலகை நெளிந்த பிறகுதான்.

அப்படியானால் யாரைக் கேட்பது? இன்சூரன்ஸ் இருக்கிறது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவருக்கு விபத்துச் சேதமாக வரலாம். ஆனால் தன் பங்காகக் கொஞ்சம் கட்ட வேண்டும், நோ கிளெய்ம் போனஸும் போகும். 946 பவுண்டு மாதிரியான தொகைக்கு அது கட்டுப்படியாகுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஒளியை அனுப்பியவரைக் கேட்பதுதான் நேர்வழி. பிரதிபலித்த வெளிச்சம் அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்று நியூசிலாந்து நீதிமன்றம் 1984லேயே ஒரு கண்ணாடிக் கூரை வழக்கில் ஏற்றிருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 1997ல் (அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த) மேல்சபையின் நீதிபதிகள் ஒரு கோபுர வழக்கில் சொன்னபடி, அண்டைத் தொல்லை என்று வழக்குப் போட அந்த நிலத்தில் உரிமை இருக்க வேண்டும். கடைக்காரர் தன் விரிப்புக்காக அந்த வழியில் போகலாம். இரண்டு மணி நேரம் கட்டணம் கட்டி வண்டி நிறுத்தியவர் கவனக்குறைவு என்ற வேறு வாசலில்தான் தட்ட வேண்டும், அங்கே எதிர்த்தரப்புக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி வரும்.

தெரிந்திருக்க வேண்டுமா?

வினோலி பின்னர் ஒரு நாளிதழிடம் பேசியதே இதற்குப் பதில் போல இருக்கிறது. வடிவமைப்பின்போதே இதைக் கவனித்தோம், தெருவில் சுமார் 36 டிகிரி வரும் என்று கணித்தோம், அது 72 ஆகிவிட்டது என்றார். தெற்கு முகத்தில் கிடைமட்டச் சன்ஷேடு பட்டைகள் முதலில் இருந்தன, செலவைக் குறைக்க எடுத்துவிட்டார்கள் என்ற பொருளிலும் பேசினார். லண்டனில் முன்பு இவ்வளவு வெயில் இருந்ததில்லை என்று தட்பவெப்பத்தையும் இழுத்தார். அது அவ்வளவாக எடுபடவில்லை. தட்பவெப்பம் மாறினாலும் சூரியனின் கோணம் மாறுவதில்லையே.

போதாததற்கு, அவரே வடிவமைத்த லாஸ் வேகாஸின் விடாரா ஹோட்டலில் 2010ல் இதே கதை நடந்திருந்தது. குழிந்த கண்ணாடி முகம், கீழே நீச்சல்குளம், குளிக்க வந்தவருக்குத் தலைமுடி பொசுங்கிய வாசனை. அவர் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் எழுத்து அச்சிட்ட இடங்கள் மட்டும் உருகி ஓட்டையாயின. அடர் நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும், வெளிர் நிறம் வாங்காது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது.

பிறகு நடந்தது

2014ல் தெற்கு முகத்தில் கிடைமட்டச் சன்ஷேடு பட்டைகளை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். முதலில் வேண்டாம் என்று எடுத்ததாகச் சொல்லப்பட்ட அதே சங்கதிதான் திரும்பி வந்தது. அதன்பிறகு கார் எதுவும் உருகவில்லை. 2015ல் அந்த ஆண்டின் மோசமான புதுக் கட்டடத்துக்கான கேலி விருது அதற்குக் கிடைத்தது. அது இந்த ஆய்வுக்கு வெளியே. 2017ல் லண்டன் நகர நிர்வாகம் புதுக் கட்டடங்களில் ஒளிக் குவிப்பை முன்கூட்டியே சோதிப்பது பற்றி வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது.

என்ன மாற்றிச் செய்யலாம்

கட்டுகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை, கணினியில் ஆண்டு முழுவதற்கும் சூரியப் பாதையை ஓட்டிப் பார்த்தால் போதும். டீலருக்கு ஒன்று உண்டு. மறுக்கும்போது 'வெளிக் காரணம்' என்று மட்டும் எழுதாமல், சேதம் வண்டியின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில், விளிம்பு கூர்மையாக முடிகிறதா இல்லையா என்று இரண்டு வரி சேர்க்கலாம். என்ஜின் சூட்டால் வந்தது உள்ளிருந்து வெளியே பரவியிருக்கும். குவிந்த வெயில் ஒரு பக்கத்தை மட்டும் தாக்கும், அடிப்பக்கத்தையும் நிழல் விழுந்த இடத்தையும் விட்டுவிடும். அந்த இரண்டு வரி கையில் இருந்தால் உரிமையாளர் அடுத்த கதவைத் தட்டலாம்.

உரிமையாளருக்கு முதல் வேலை, வண்டியை உடனே எடுத்துவிடாமல் நின்ற இடத்திலேயே படம் எடுப்பது, நேரத்தோடு. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போய் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துப் பார்க்கலாம், வெளிச்சப் பட்டை அதன்மேல் ஊர்வது தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். அது வீட்டு ஜன்னல் என்றால் வெளிப்பக்கம் ஒரு கொசுவலைச் சட்டம் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும், அண்டை வீட்டாரிடம் கேட்கும்போது சண்டைக்குப் பதில் அதைக் கையில் கொண்டுபோகலாம்.

அப்புறம் அந்த வேன்காரரின் குளிர்பான பாட்டில். வண்டியைச் சுத்தம் செய்கிறவர் முதலில் தூக்கிப் போடுவது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேனில் கார் கம்பெனி செய்யாத ஒரே பிளாஸ்டிக் அது. டேஷ்போர்டு மட்டும் நெளிந்திருந்தால் தரம் பற்றி வாதாடலாம். பாட்டிலும் சேர்ந்து நெளிந்திருந்தால் வாதம் முடிந்தது. வாரண்டி கிடைக்காது, ஆனால் சூடு வெளியிலிருந்து வந்தது என்று எதிரே நிற்கிற கட்டடத்திடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் அந்த வேனில் இல்லை. ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வைத்துவிட வேண்டும்.